ஒரே குழாயில் இரண்டு உயிர்களின் ஆர்.என்.ஏ.: தொற்று ஆய்வில் மரபணு வெளிப்பாட்டுச் சோதனை தவறும்போது

எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஆர்.என்.ஏ.வின் அளவு காட்டுகிறது. தொற்றுக்குள்ளான செல்லை உடைத்து அதைப் பிரித்தெடுக்கும்போது, ஓம்புயிரின் (கிருமி புகுந்த உயிரின்) ஆர்.என்.ஏ.வும் நோய்க்கிருமியின் ஆர்.என்.ஏ.வும் ஒரே குழாயில் கலந்து வருகின்றன. அவற்றின் அளவுகள் நூறு மடங்குக்கும் மேல் வேறுபடக்கூடும். நம் கையிலுள்ள கிட்டுகளும் மென்பொருள்களும் பெரும்பாலும் ஒற்றை உயிரை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகவே வரிசையறியும் (எழுத்து வரிசையை வாசித்தறியும்) இரட்டை ஆர்.என்.ஏ. வரிசையறிதல் என்ற முறை 2012ஆம் ஆண்டளவில் முன்மொழியப்பட்டது முதல் பலரும் இத்துறைக்கு வந்துவிட்டார்கள்; அவர்கள் முதல் சோதனையில் சந்திக்கும் தொல்லைகளும் ஏறத்தாழ ஒரே வகையானவை. அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். எந்த அறிகுறியானாலும் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: இந்த எண் யாருடைய ஆர்.என்.ஏ.வைக் குறிக்கிறது? அது எதனால் வகுக்கப்பட்டிருக்கிறது? இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் வரைபடம் போடத் தொடங்குபவர்களே அதிகம்.

அறிகுறி: பாக்டீரியாவின் ரீடுகள் (கருவி வாசித்த ஆர்.என்.ஏ. துண்டுகள்) ஏறக்குறைய இல்லை

முதலில் காகிதத்தில் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பாலூட்டி செல்லில் ஏறத்தாழ 20 பிகோகிராம் ஆர்.என்.ஏ. இருக்கிறது, ஒரு பாக்டீரியாவில் 0.1 பிகோகிராம் இருந்தாலே அதிகம். தொற்றுக்குள்ளான ஒவ்வொரு செல்லிலும் 10 பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்றும், தட்டிலுள்ள செல்களில் 10 சதவீதமே தொற்றுக்குள்ளாகியிருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 செல்களின் 200 பிகோகிராமுக்கு 1 பிகோகிராம்தான் பாக்டீரியாவுடையது. அதாவது அரை சதவீதம். 2 கோடி ரீடுகள் வாங்கினால் 1 லட்சம் ரீடுகள் பாக்டீரியாவுக்கு வரும். புரதம் செய்யும் ரைபோசோமின் பகுதியான ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை நீக்காமல் விட்டிருந்தால் அந்த 1 லட்சத்தில் 95 சதவீதம் அதற்கே போய்விடும், மீதி 5,000. சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு ஏறத்தாழ 4,500 மரபணுக்கள் இருப்பதால், மரபணு ஒன்றுக்குச் சராசரியாக ஒரே ஒரு ரீட் கிடைக்கும். இந்த நிலையில் எந்த மென்பொருளாலும் உங்களுக்கு உதவ முடியாது.

அதே கணக்கைத் திருத்தும் வழிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஓம்புயிர், பாக்டீரியா இரண்டின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வையும் முழுமையாக நீக்கினால் மரபணு ஒன்றுக்கு 20 ரீடுகளுக்குச் சற்று மேல் வரும். பாக்டீரியாவுக்கு ஒளிரும் புரதம் ஒன்றைக் கொடுத்து, தொற்றுக்குள்ளான செல்களை மட்டும் பிரித்தெடுத்தால் இன்னும் 10 மடங்கு கூடும். வரிசையறியும் ஆழத்தை இரட்டிப்பாக்கினால் இரண்டு மடங்குதான் கூடும், செலவும் இரட்டிப்பாகும். ஆகவே பணத்தை ஆழத்தில் கொட்டுவதற்கு முன் செல்களைப் பிரிப்பதில் உழைப்பைச் செலுத்துவதே பலன் தரும் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ. (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.) பெரும்பாலும் சில நிமிடங்களே நிலைக்கிறது, செல் பிரிப்பானில் ஒரு மாதிரி மணிக்கணக்கில் காத்திருக்கக்கூடும். செல்களை முதலிலேயே நிலைநிறுத்தும் திரவத்தில் இட்டுவிட்டுப் பிரிக்காவிட்டால், நீங்கள் அளப்பது தொற்றின்போது பாக்டீரியா செய்ததை விட, பிரிப்பானின் குழாயில் அது பட்ட அவதியையே.

கணக்குச் சரியாக இருந்தும் ரீடுகள் வரவில்லை என்றால், நூலகம் (வரிசையறிவதற்காக ஆயத்தம் செய்த துண்டுகளின் தொகுப்பு) தயாரித்த முறையைப் பாருங்கள். தூது ஆர்.என்.ஏ.வின் முனையில் ஏ எழுத்துகள் தொடர்ந்து வரும் பாலி-ஏ வாலைப் பிடித்து இழுக்கும் கிட் பயன்படுத்தப்பட்டிருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ.வுக்கு நிலையான பாலி-ஏ வால் கிடையாது. சில மூலக்கூறுகளில் சேரும் குட்டை வாலும் அவற்றைச் சிதைப்பதற்கான அடையாளமாகவே அங்கே இருக்கிறது. மலேரியாக் கிருமி போன்ற ஒட்டுண்ணிகளுக்கும் பூஞ்சைகளுக்கும் பாலி-ஏ வால் உண்டு என்பதால் அவற்றுக்கு இந்த முறை பொருந்தும். பாக்டீரியாவுக்கு ரைபோசோம் நீக்கமும் எங்கும் ஒட்டி நகலெடுப்பைத் தொடங்கும் குட்டித் துண்டுகளான ரேண்டம் ப்ரைமர்களும்தான் வழி.

அடுத்து செல் உடைத்தல். காசநோய்க் கிருமியின் சுவர் மெழுகுத்தன்மை கொண்டது. 4 மோலார் குவானிடின் தயோசயனேட் கரைசலில் கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் (நோயெதிர்ப்பு செல்) உடைந்துவிடும், கிருமி உடையாமல் அடியில் படியும். இதையே ஒரு வசதியாகப் பயன்படுத்தி மேலிருக்கும் நீரில் ஓம்புயிரின் ஆர்.என்.ஏ.வையும், படிவைக் குட்டி மணிகளுடன் வேகமாகக் குலுக்கிக் கிருமியின் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே எடுப்பவர்கள் உண்டு. இதை அறியாமல் படிவைக் கழிவுக் குப்பியில் கொட்டியவர்களும் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸுக்கு லைசோஸ்டஃபின் நொதி வேண்டும்; ஆனால் நொதியோடு வெதுவெதுப்பில் வைத்திருக்கும் நேரத்திலேயே பாக்டீரியா தன் மரபணுக்களை மாற்றிக்கொள்ளும் என்பதால், முடிந்த இடத்திலெல்லாம் மணிகளால் உடைப்பதையே நான் விரும்புகிறேன்.

அறிகுறி: ரீடுகள் பொருந்துகின்றன, ஆனால் எண்ணிக்கை அட்டவணையில் பாக்டீரியா மரபணுக்கள் எல்லாம் பூஜ்யம்

இதில் நான் இரண்டு நாள்களை இழந்திருக்கிறேன். மரபணுத் தொகுப்புடன் ரீடுகளைப் பொருத்திய கோப்பை உலாவியில் திறந்தால் பாக்டீரியாவின் மீது ரீடுகள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன; அட்டவணையைத் திறந்தால் வரிசை வரிசையாகப் பூஜ்யங்கள். கீழே உருட்டிக்கொண்டே போனபோது சில வரிகளில் மட்டும் ஆயிரக்கணக்கில் எண்கள் தெரிந்தன. அவை எல்லாம் டி.ஆர்.என்.ஏ., ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள். அந்த ஒரு நுணுக்கமே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. எண்ணும் மென்பொருள் இயல்பாக எக்ஸான் (முதிர்ந்த ஆர்.என்.ஏ.வில் தங்கும் மரபணுப் பகுதி) என்று குறிக்கப்பட்ட வரிகளை மட்டும் எண்ணுகிறது. மனித மரபணுக் குறிப்புக் கோப்பில் எல்லா மரபணுக்களுக்கும் எக்ஸான் வரிகள் உண்டு. பல பாக்டீரியக் குறிப்புக் கோப்புகளிலோ புரத மரபணுக்களுக்கு சி.டி.எஸ். (புரதத்துக்கான பகுதி) என்றும் ஜீன் என்றும்தான் வரிகள் இருக்கும். புரதமாக மாறாத ஆர்.என்.ஏ.க்களுக்கு மட்டுமே எக்ஸான் என்ற வரி இருக்கும். எண்ண வேண்டிய வரியின் வகையை மாற்றிக் கொடுத்தவுடன் பூஜ்யங்கள் மறைந்தன.

எல்லாம் பூஜ்யமாக இல்லாமல் எண்கள் மிகவும் குறைவாக மட்டும் இருந்தால், இழையின் திசை அமைப்பைச் சோதியுங்கள். நூலகம் எதிர்த்திசை இழையை வாசிப்பதாக இருந்து, நீங்கள் நேர்த்திசை என்று கொடுத்திருந்தால், உண்மையான ரீடுகள் எல்லாம் எதிரிழையின் கணக்கில் போய்விடும். இன்னொரு சிக்கல், ஸ்ப்ளைசிங்கை (இன்ட்ரான் என்ற இடைப்பகுதிகளை வெட்டி மீதியை ஒட்டுவதை) எதிர்பார்க்கும் மென்பொருளைப் பாக்டீரியாவுக்கும் அப்படியே பயன்படுத்துவது. இன்ட்ரான் இல்லாத மரபணுத் தொகுப்பில் அது இல்லாத இன்ட்ரான்களைக் கற்பனை செய்து ரீடுகளைத் துண்டாக்கும். அதிகபட்ச இன்ட்ரான் நீளத்தைப் பாக்டீரியாவுக்குக் கட்டுப்படுத்துங்கள், அல்லது ஸ்ப்ளைசிங் அறியாத மென்பொருளைத் தனியே ஓட்டுங்கள்.

அறிகுறி: ஆர்.என்.ஏ. சிதைந்துவிட்டது என்று கருவி சொல்கிறது

ஆர்.என்.ஏ.வின் தரத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் கருவிகள், ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் இரண்டு பெரிய முகடுகளையும் அவற்றுக்கு இடையிலுள்ள பகுதியையும் பார்த்தே மதிப்பெண் இடுகின்றன. மனித செல்லில் அவை 28எஸ், 18எஸ். பாக்டீரியாவில் 23எஸ், 16எஸ். இரண்டும் கலந்த மாதிரியில் நான்கு முகடுகள் தெரியும்; கருவி குழம்பிக் குறைந்த மதிப்பெண் கொடுக்கும். இது வெறும் குழப்பம். படத்தைக் கண்ணால் பார்த்தாலே தெளிந்துவிடும்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. சால்மொனெல்லாவின் 23எஸ் ஆர்.என்.ஏ.வுக்குள் இடைச்செருகல் துண்டுகள் இருக்கின்றன, ஆர்.என்.ஏஸ் III நொதி அவற்றை வெட்டி எடுத்துவிடுகிறது, வெட்டிய முனைகளோ மீண்டும் ஒட்டப்படுவதில்லை. உயிருடன் நலமாக இருக்கும் பாக்டீரியாவிலேயே 23எஸ் துண்டுகளாகத்தான் இருக்கிறது. ஜெல்லில் ஓட்டினால் 16எஸ் பட்டை திடமாகத் தெரியும், அதற்கு மேல் இருக்க வேண்டிய 23எஸ் பட்டை மங்கியோ இல்லாமலோ இருக்கும், கீழே கூர்மையான சிறு பட்டைகள் வரும். பட்டைகள் கூர்மையாக இருக்கின்றன என்பதுதான் இங்கே முக்கியம். உண்மையான சிதைவு தடம் முழுவதும் புகைபோலப் பரவும். கூர்மையான பட்டைகளாக வராது.

கொசுக்களிலும் இதுபோன்ற ஒன்று நடக்கிறது. பல பூச்சிகளின் 28எஸ் ஆர்.என்.ஏ. நடுவில் உடைந்திருந்தாலும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேர்ந்தே நிற்கும். கருவியில் ஏற்றுவதற்கு முன் வழக்கப்படி சூடாக்கினால் இரண்டு பாதிகளும் பிரிந்து 18எஸ் இருக்கும் இடத்திலேயே போய் விழும். 28எஸ் முகடே காணாமல் போகும். டெங்கு வைரஸ் ஏற்றிய கொசுக்களின் மாதிரிகளைச் சிதைந்தவை என்று தூக்கி எறிவதற்கு முன், அதே மாதிரியைச் சூடாக்காமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: ரியல் டைம் பி.சி.ஆரில் நொதி சேர்க்காத கட்டுப்பாட்டு மாதிரியிலும் சமிக்ஞை வருகிறது

ரியல் டைம் பி.சி.ஆர். டி.என்.ஏ.வைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கிறது. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி இல்லாமலே பெருக்கம் நடந்தால் மாதிரியில் டி.என்.ஏ. இருக்கிறது. ஓம்புயிர் மரபணுக்களுக்கு எக்ஸான் சந்திப்பின் மேல் ப்ரைமரை அமைத்து இதிலிருந்து தப்பலாம். பாக்டீரியாவில் இன்ட்ரான் இல்லாததால் அப்படித் தப்பிக்கும் வழி இல்லை. டி.என்.ஏஸ் நொதியால் மறுபடி துப்புரவு செய்வதே வழி. கட்டுப்பாட்டின் சி.டி. மதிப்பு (சமிக்ஞை தெரியத் தொடங்கும் சுற்றின் எண்) மாதிரியினுடையதைவிட 7 சுற்றுகள் பின்தங்கியிருந்தால், கலப்படம் 128இல் ஒரு பங்கு என்று பொருள்; பெரும்பாலான ஆய்வுகளில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 3 சுற்றுகளே பின்தங்கியிருந்தால் உங்கள் அளவில் எட்டில் ஒரு பங்கு டி.என்.ஏ.வுடையது.

அறிகுறி: நீர்த்த மாதிரி, நீர்க்காத மாதிரியைவிட நன்றாகப் பெருகுகிறது

இது தடைப்பொருளின் வேலை. 10 மடங்கு நீர்த்தால் சி.டி. மதிப்பு 3.32 கூட வேண்டும்; கூடாவிட்டால், அல்லது குறைந்தால், ஃபீனாலோ குவானிடினோ மிச்சம் இருக்கிறது. 260/230 விகிதத்தை (260, 230 நானோமீட்டர் ஒளியை மாதிரி உறிஞ்சும் அளவுகளின் விகிதத்தை) பாருங்கள்; அது 2க்கு வெகு கீழே இருந்தால் மாதிரியை மறுபடி வீழ்படியச் செய்து எத்தனாலால் கழுவுங்கள். 260/280 விகிதம் 2 என்று அழகாக இருப்பதை மட்டும் நம்பி நிம்மதி கொள்ளாதீர்கள்.

அறிகுறி: ஒப்பீட்டு மரபணுவே தொற்றோடு சேர்ந்து நகர்கிறது

தொற்று ஆய்வில் நான் மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான், மிக அமைதியாக நடப்பதும் இதுதான். எந்தக் கட்டுப்பாடும் அலறாது, எந்த மென்பொருளும் எச்சரிக்காது. முடிவு மட்டும் தவறாக இருக்கும். ஜி.ஏ.பி.டி.எச். மரபணுவை நிலையானது என்று எடுத்துக்கொண்டு மற்றவற்றை அதனால் வகுப்பது பழைய வழக்கம். ஆனால் அது சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்கோலைசிஸ் பாதையின் நொதி. பாக்டீரியாவைக் கண்டு கிளர்ந்த மேக்ரோஃபேஜ் தன் ஆற்றல் தேவையைக் கிளைக்கோலைசிஸ் பக்கம் திருப்பிக்கொள்கிறது. வகுக்கும் எண் இரண்டு மடங்கானால், மாறாமல் இருக்கும் மரபணுக்கள் எல்லாம் பாதியாகக் குறைந்ததுபோலத் தெரியும். அதை வைத்து, கிருமி ஓம்புயிரின் மரபணுக்களை அடக்குகிறது என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம்.

சோதிக்கும் வழி எளிது. எல்லாக் குழாய்களிலும் ஒரே அளவு ஆர்.என்.ஏ. இட்டு, ஒப்பீட்டு மரபணுவின் சி.டி. மதிப்புகளை வகுக்காமல் அப்படியே தொற்றுள்ளவை, தொற்றற்றவை என்று எதிரெதிரே எழுதுங்கள். ஒரு சுற்று வேறுபாடு சீராக இருந்தாலே அந்த மரபணு தகுதியற்றது. குறைந்தது ஐந்தாறு மரபணுக்களை எடுத்து, 2002இல் வந்த ஜீநார்ம் முறை போன்ற ஒன்றால் தரவரிசைப்படுத்தி, நிலையாக நிற்கும் இரண்டு அல்லது மூன்றின் பெருக்கல் சராசரியால் வகுப்பதே முறை. ரியல் டைம் பி.சி.ஆர். ஆய்வுகளுக்கான 2009இன் மிக்யூ வழிகாட்டுதலும் ஒற்றை ஒப்பீட்டு மரபணுவை நம்ப வேண்டாம் என்றே சொல்கிறது. பாக்டீரியாவின் பக்கம் 16எஸ் ஆர்.என்.ஏ.வை ஒப்பீடாக வைப்பவர்கள், அது தூது ஆர்.என்.ஏ.வைவிடப் பன்மடங்கு அதிகமானது என்பதையும், தூது ஆர்.என்.ஏ. சிதைந்த பின்னும் நிற்பது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வைரஸ்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸின் வி.எச்.எஸ். புரதம், இன்ஃப்ளுயன்சாவின் பி.ஏ.-எக்ஸ், கொரோனா வைரஸின் என்.எஸ்.பி.1 ஆகியவை ஓம்புயிரின் தூது ஆர்.என்.ஏ.வையே பரவலாக அழிக்கின்றன அல்லது அழியச் செய்கின்றன. இந்த நிலையில் நிலையான மரபணு என்று ஒன்றைத் தேடுவதே வீண். வரிசையறிதலிலும் இதே கதைதான்: மொத்த ரீடுகளால் வகுக்கும்போது, செல்லில் பாதி ஆர்.என்.ஏ. அழிந்திருந்தாலும் அழிவிலிருந்து தப்பிய மரபணுக்கள் கூடியதுபோலவே அட்டவணை காட்டும். வெளியிலிருந்து அளவறிந்த ஆர்.என்.ஏ.வைச் சேர்ப்பதே இதற்கு மருந்து, ஈ.ஆர்.சி.சி. கலவையில் இதற்கென 92 செயற்கை ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன. செல்களை எண்ணி, செல் எண்ணிக்கைக்கு ஏற்ப அதைச் சேர்க்க வேண்டும், பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வின் எடைக்கு ஏற்பச் சேர்த்தால், எந்த இழப்பைக் காண விரும்பினீர்களோ அதையே மறைத்துவிடுவீர்கள்.

அறிகுறி: நேரம் ஆக ஆகப் பாக்டீரியாவின் எல்லா மரபணுக்களும் கூடுகின்றன

பாக்டீரியா பெருகியிருக்கிறது, அவ்வளவுதான். ஓம்புயிரின் ரீடுகளையும் பாக்டீரியாவின் ரீடுகளையும் ஒரே அட்டவணையில் வைத்துச் சமன்செய்திருப்பீர்கள் (இரண்டும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்திருப்பீர்கள்). இரண்டு உயிர்களுக்கும் தனித்தனி அட்டவணை, தனித்தனிச் சமன்செய்தல்.

அறிகுறி: தொற்று உறுதியாகியும் ஓம்புயிரின் எதிர்வினை மங்கலாக இருக்கிறது

செல் ஒன்றுக்கு ஒரு வைரஸ் என்ற கணக்கில் சேர்த்தால் எல்லா செல்களும் தொற்றுக்குள்ளாகும் என்று நினைப்பது இயல்பு. தற்செயலாக விழுபவற்றின் எண்ணிக்கையைக் கணிக்கும் பாய்சான் பரவலின்படி 37 சதவீத செல்கள் தப்பிவிடும். 3 என்ற கணக்கில் சேர்த்தாலும் 5 சதவீதம் தப்பும். 10 சதவீத செல்களே தொற்றுக்குள்ளாகி, அவற்றில் ஒரு மரபணு 20 மடங்கு கூடினால், தட்டின் சராசரியில் 2.9 மடங்காகவே தெரியும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு: தொற்றுக்குள்ளான செல் வெளியிடும் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தால் பக்கத்திலுள்ள தொற்றற்ற செல்கள் விழித்துக்கொள்ளும், வைரஸோ தான் புகுந்த செல்லின் எதிர்வினையை அடக்கிவைத்திருக்கும். மொத்த மாதிரியில் நீங்கள் காணும் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் பெரும்பாலும் அண்டை வீட்டுக்காரர்களின் கூச்சலாக இருக்கலாம். தொற்றுள்ள செல், அதே தட்டில் தொற்றற்ற செல், தொற்றே காணாத தட்டின் செல் என்று மூன்றையும் பிரித்து அளந்தால்தான் இது விளங்கும். கொல்லப்பட்ட கிருமியைச் சேர்த்த நான்காவது மாதிரியும் இருந்தால், கிருமியின் மேற்பரப்பைக் கண்டு வரும் எதிர்வினையும் அது உயிருடன் செய்யும் வேலையால் வருவதும் பிரிந்துவிடும்.

அறிகுறி: தொற்றற்ற மாதிரியிலும் கிருமியின் ரீடுகள்

அந்த ரீடுகள் மரபணுத் தொகுப்பில் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். தொகுப்பு முழுவதும் சிதறி விழுந்தால், பக்கத்துக் குழாயிலிருந்து தெறித்தது அல்லது வரிசையறியும் கருவியில், ஒவ்வொரு மாதிரிக்கும் இட்ட அடையாளக் குறிகள் தாவியது என்று சந்தேகிக்கலாம். இரு முனைகளிலும் தனித்துவமான குறிகளைப் பயன்படுத்தினால் தாவல் பெருமளவு வடிகட்டப்படும். ரீடுகள் எல்லாம் 16எஸ், 23எஸ் பகுதிகளில் மட்டும் குவிந்தால், அது உங்கள் கிருமியாகவே இல்லாமல் இருக்கக்கூடும். அப்பகுதிகள் பாக்டீரியாக்களிடையே பெரிதும் ஒத்தவை. செல் வளர்ப்பில் ஒளிந்திருக்கும் மைக்கோபிளாஸ்மாவின் ரீடுகள் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். மைக்கோபிளாஸ்மா 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நுழைந்து போகக்கூடியது, சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கு மசியாதது, வளர்ப்பூடகத்தைக் கலக்காததால் கண்ணுக்கும் தெரியாதது. எஞ்சிய ரீடுகளை அதன் மரபணுத் தொகுப்புடன் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் அந்த செல்களை வைத்து எடுத்த ஓம்புயிர்த் தரவு முழுவதையும் கைவிட வேண்டியதுதான். ஏற்கெனவே ஒரு தொற்றைச் சுமந்த செல்லின் எதிர்வினையை நீங்கள் தொற்றற்றது என்று பெயரிட்டிருக்கிறீர்கள்.

அறிகுறி: நோயாளிகளின் ரத்தத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் மாறியிருக்கின்றன

முதலில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பாக்டீரியத் தொற்றில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் பெருகுகின்றன, டி செல்கள் அடங்கிய லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் விகிதம் குறைகிறது. எந்த செல்லும் ஒரு மரபணுவைக்கூட மாற்றாமலேயே நியூட்ரோஃபில் மரபணுக்கள் எல்லாம் கூடியதாகவும், டி செல் மரபணுக்கள் எல்லாம் குறைந்ததாகவும் அட்டவணை சொல்லும். காசநோயாளிகளின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் தடயத்தைக் காட்டிய 2010ஆம் ஆண்டின் ஆய்வு, ரத்த அணுக்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தே அது முதன்மையாக நியூட்ரோஃபில்களிலிருந்து வருகிறது என்று சொல்ல முடிந்தது. பிரிக்க வசதியில்லாவிட்டால் அணுக்களின் விகிதத்தையாவது புள்ளியியல் மாதிரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு ரத்தத்தில் தூது ஆர்.என்.ஏ.வின் பெரும்பகுதி ஹீமோகுளோபினுக்கானது என்பதால் அதை நீக்கும் படியையும் விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: மாதிரிகள் நோயால் பிரியாமல் தேதியால் பிரிகின்றன

ஒத்த மாதிரிகளை அருகருகே காட்டும் முதன்மைக் கூறு வரைபடத்தில் புள்ளிகளுக்குத் தொற்று நிலையால் ஒருமுறையும், பிரித்தெடுத்த தேதியால் ஒருமுறையும் நிறமிடுங்கள். இரண்டு தேதிகளிலும் தொற்றுள்ளவையும் தொற்றற்றவையும் கலந்திருந்தால், தேதியைப் புள்ளியியல் மாதிரியில் ஒரு காரணியாகச் சேர்த்துத் திருத்திவிடலாம். தொற்றுள்ளவை எல்லாம் ஒரு நாளிலும் தொற்றற்றவை எல்லாம் இன்னொரு நாளிலும் செய்யப்பட்டிருந்தால் எந்தத் திருத்தமும் செல்லாது. உறைபெட்டியில் மீதமிருக்கும் மாதிரிகளை எடுத்து, குலுக்கல் முறையில் வரிசை போட்டு, மறுபடி பிரித்தெடுக்க வேண்டும்.